கர்ப்பகாலத்தில் தாயின் நிர்ப்பீடனக் கலங்கள் என்ன செய்கின்றன?

“மாசமா இருக்கிறப்ப ஒடம்புல எதிர்ப்புச் சக்தி கொறஞ்சிரும்” என்ற பேச்சு லயத்து இஸ்தோப்பிலும் கேட்கும், கிளினிக் வாங்கிலும் கேட்கும். சில நோய்கள் கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்குவது உண்மைதான். அதற்காகத் தாயின் நிர்ப்பீடனத் தொகுதி முழுவதும் படுத்துவிட்டது என்று நினைத்தால் கணக்குத் தப்பிவிடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் கருப்பையின் உட்படையில் இருக்கும் கலங்களில் 30 முதல் 40 சதவீதம் வரை தாயின் வெண்குருதிக் கலங்களே. ஓய்ந்துபோன தொகுதி இத்தனை பேரை ஒரே இடத்தில் கொண்டுவந்து இறக்காது. அவை அங்கே என்ன வேலை பார்க்கின்றன, அந்த வேலை பிசகினால் என்ன நடக்கும், கிளினிக்கில் திரும்பத் திரும்பச் செய்யும் சோதனைகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதை இனிப் பார்ப்போம்.

பாதி தாய், பாதி தகப்பன்

நமது உடலின் கலங்கள் தம் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்ற புரதங்களைத் தாங்கி நிற்கின்றன. இவை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தினால், வாங்கியவரின் வெண்குருதிக் கலங்கள் இந்தப் புரதங்களைப் பார்த்துத்தான் “இது நம்முடையதல்ல” என்று கண்டுபிடித்துத் தாக்குகின்றன. வயிற்றில் வளரும் பிள்ளையின் எச்.எல்.ஏ. புரதங்களில் பாதி தகப்பன் வழி வந்தவை. அப்படியென்றால் தாயின் உடல் பிள்ளையையும் தாக்க வேண்டுமே, ஏன் தாக்கவில்லை?

இந்தக் கேள்வியை 1953 இல் தெளிவாக எழுப்பியவர் பிரித்தானிய விஞ்ஞானி பீற்றர் மெடவார். 1960 இல் மக்ஃபார்லேன் பர்னெற்றுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தவர். அவர் மூன்று விடைகளை முன்வைத்தார்: தாயையும் பிள்ளையையும் பிரிக்கும் சுவர் ஒன்று இருக்கலாம், பிள்ளையின் அடையாளப் புரதங்கள் இன்னும் முதிராமல் இருக்கலாம், அல்லது தாயின் நிர்ப்பீடனம் மந்தமாகிவிடலாம். பின்வந்த ஆய்வுகளில் முதல் விடை ஓரளவுக்குத்தான் தேறியது. மற்ற இரண்டும் நிற்கவில்லை. மூன்றாவது விடை மட்டும் மக்கள் பேச்சில் இன்னும் உயிரோடிருக்கிறது.

தாயின் குருதியும் பிள்ளையின் குருதியும் பொதுவாகக் கலப்பதில்லை. இரண்டும் சந்திக்கும் இடம் நச்சுக்கொடி. பாடப்புத்தகங்கள் சூல்வித்தகம் என்று சொல்வது இதைத்தான். இது பிள்ளையின் பக்கத்திலிருந்து வளரும் உறுப்பு. இங்கே இரண்டு முனைகளில் தாயின் கலங்களோடு தொடர்பு ஏற்படுகிறது. முதலாவது, தாயின் குருதியில் நேரடியாக நனைந்து நிற்கும் நச்சுக்கொடியின் விரல்போன்ற முளைகள். அவற்றைப் போர்த்தியிருக்கும் படையில் எச்.எல்.ஏ. அடையாளம் அநேகமாக இல்லவே இல்லை. ஆகவே குருதியில் சுற்றும் தாயின் ரி கலங்களுக்கு (அந்நியப் புரதத்தை இனங்கண்டு தாக்கும் வெண்குருதிக் கலங்களுக்கு) அங்கே தாக்குவதற்கான குறி கிடைப்பதில்லை. இரண்டாவது முனை இன்னும் சுவையானது. நச்சுக்கொடியிலிருந்து ஒருவகைக் கலங்கள் பிரிந்து, தாயின் கருப்பைச் சுவருக்குள்ளேயே துளைத்துக்கொண்டு போகின்றன. இந்தத் துளைக்கும் கலங்கள், ஒட்டுறுப்பு நிராகரிப்புக்கு முக்கிய காரணமான எச்.எல்.ஏ. ஏ, பி இரண்டையும் காட்டுவதில்லை. சி, இ, ஜி என்ற மூன்றை மட்டும் காட்டுகின்றன. ஜி வகை உடலில் வேறெங்கும் பெரும்பாலும் காணப்படாதது. சி வகையில் தகப்பனின் அடையாளமும் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

உட்படையில் குவியும் கலங்கள்

துளைத்துக்கொண்டு வரும் கலங்களை எதிர்கொள்பவை கருப்பை என்.கே. (இயற்கைக் கொல்லி) கலங்கள். முதல் மூன்று மாதத்தில் அங்குள்ள வெண்குருதிக் கலங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இவையே. குருதியில் ஓடும் இயற்கைக் கொல்லிக் கலங்களுக்கு இவை உறவுதான், ஆனால் நடத்தை வேறு. குருதியில் ஓடுபவை வைரசு தொற்றிய கலங்களையும் புற்றுக் கலங்களையும் கொல்பவை. கருப்பையில் இருப்பவற்றிடம் கொல்லும் நச்சுத் துணிக்கைகள் நிறைந்திருந்தும், பிள்ளையின் கலங்களை அவை கொல்வதில்லை. வளர்ச்சியைத் தூண்டும் பொருட்களையும், குருதிக் குழாய்களை மாற்றும் பொருட்களையும் சுரந்துகொண்டிருக்கும்.

இவை கர்ப்பம் தரித்த பின்தான் வருகின்றன என்றும் இல்லை. ஒவ்வொரு மாதமும் முட்டை வெளியேறிய பிறகு, புரோஜெஸ்தரோன் ஓமோனின் தூண்டுதலால் கருப்பை உட்படை தடித்து மாறும்போதே இவற்றின் எண்ணிக்கை ஏறத் தொடங்கும். அந்த மாதம் கரு தங்காவிட்டால் மாதவிடாயோடு உட்படை கழியும். கரு தங்கினால் எண்ணிக்கை இன்னும் ஏறி, 20 ஆம் வாரத்துக்குப் பிறகு குறையும். அந்தக் காலக்கணக்கு தற்செயலானதல்ல. அவற்றின் முக்கிய வேலை அதற்குள் முடிந்துவிட வேண்டும்.

அந்த வேலை என்னவென்றால், தாயின் சுருள் நாடிகளைத் திருத்துவது. கருப்பைச் சுவருக்குள் சுருண்டு சுருண்டு வரும் ஒடுங்கிய நாடிகள்தான் நச்சுக்கொடிக்குக் குருதி கொண்டுவருபவை. அவற்றின் சுவரில் தசை இருக்கிறது. தாய் பயந்தாலும் குளிர்ந்தாலும் அந்தத் தசை சுருங்கி, குருதியைக் குறைத்துவிடும். பிள்ளை வளர்வதற்கு இது ஆகாது. ஆகவே முதலில் என்.கே. கலங்களும், பெருவிழுங்கிகள் என்ற இன்னொரு வகை வெண்குருதிக் கலங்களும் அந்தத் தசைப்படையைத் தளர்த்திக் குலைக்கின்றன. பிறகு நச்சுக்கொடியின் துளைக்கும் கலங்கள் வந்து, தசை இருந்த இடத்தையும் உட்சுவரையும் பிடித்துக்கொள்கின்றன. முடிவில் நாடியின் வாய் ஐந்து முதல் பத்து மடங்கு விரிந்து, சுருங்கவே முடியாத தளர்ந்த புனலாகிவிடுகிறது. கருப்பையின் தசைச் சுவரில் உட்புற மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை இந்தத் திருத்தம் போக வேண்டும்.

வாய் விரிந்தால் அதிகக் குருதி வரும் என்பது மட்டும் பயனல்ல, வேகமும் குறையும். மலையுச்சி ஊற்றிலிருந்து ஒடுங்கிய குழாயில் தண்ணீர் இறக்கினால் பீலியில் பீய்ச்சி அடித்து மண்ணை அரிக்கும், கடைசித் துண்டுக்குப் பெரிய குழாய் போட்டால் அதே தண்ணீர் நிதானமாக விழும். நச்சுக்கொடியின் முளைகள் மென்மையானவை. பீய்ச்சி அடிக்கும் குருதி அவற்றைக் கிழித்து நசுக்கும். நிதானமாக வரும் குருதி முளைகளைச் சூழ்ந்து நின்று, ஒட்சிசனையும் சத்தையும் கொடுத்துவிட்டுப் போகும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 750 மில்லிலீற்றர் குருதி போகிறது. இத்தனையையும் சேதமில்லாமல் வாங்கிக்கொள்வதற்கான ஏற்பாடு, வயிறு வெளியே தெரிவதற்கு முன்பே செய்து முடிக்கப்படுகிறது.

திருத்தம் அரைகுறையானால்

நாடிகள் போதிய ஆழத்துக்கு விரியாவிட்டால் நச்சுக்கொடிக்குக் குருதி விட்டுவிட்டு வரும், வேகமாகவும் வரும். அடிபட்ட நச்சுக்கொடி சில பொருட்களைத் தாயின் குருதிக்குள் விடுகிறது. அவை தாயின் உடல் முழுவதிலும் குருதிக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. விளைவு பிரி-எக்லம்சியா: 20 வாரத்துக்குப் பிறகு குருதியமுக்கம் 140/90 ஐத் தொடுவது அல்லது தாண்டுவது, அதோடு சிறுநீரில் புரதம் போவது. புரதம் இல்லாமலே ஈரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்படுவதும் உண்டு. வலிப்பு வந்தால் அது எக்லம்சியா, உயிராபத்து. அந்த அளவுக்குப் போகாமல், பிள்ளை மட்டும் வயிற்றில் சிறுத்துப் போவதும் இதே குறைபாட்டின் இன்னொரு முகம்.

ஏன் சிலருக்கு மட்டும் இப்படி? மேலே சொன்ன எச்.எல்.ஏ. சி இங்கேதான் வருகிறது. தாயின் என்.கே. கலங்களில் கே.ஐ.ஆர். என்ற ஏற்பிகள், அதாவது வேறு கலங்களின் புரதங்களைப் பிடித்து உணரும் புரதங்கள், இருக்கின்றன. பிள்ளையின் கலங்களில் தெரியும் எச்.எல்.ஏ. சி இந்த ஏற்பிகளோடு பொருந்தும். பொருத்தம் சில வேளை என்.கே. கலத்தைத் தூண்டும், சில வேளை அடக்கும். கேம்பிரிட்ஜில் அஷ்லி மொஃபெற்றின் குழுவினர் 2004 இல் காட்டியது இது: தாயிடம் ஏ ஏ எனப்படும் கே.ஐ.ஆர். அமைப்பும், பிள்ளையிடம் சி2 வகை எச்.எல்.ஏ. சியும் சேர்ந்தால், என்.கே. கலங்கள் மிகையாக அடக்கப்பட்டு, பிரி-எக்லம்சியாவுக்கான ஆபத்து கூடுகிறது. கவனியுங்கள், இங்கே பிரச்சினை தாயின் கலங்கள் அதிகமாக வேலை செய்ததால் வரவில்லை, போதிய அளவு செய்யாததால் வந்தது. “எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் பிள்ளை தங்கும்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது.

இந்தப் பொருத்தம் புருசன் பெண்டாட்டி இருவரின் மரபணுக்களும் சேர்ந்து அமைவது. யார் குற்றமும் இல்லை. மருமகளைக் குறைசொல்ல இதில் இடமே கிடையாது.

நாடித் திருத்தம் 20 ஆம் வாரத்தளவில் பெரும்பாலும் முடிந்துவிடுவதால், காலம் முக்கியமாகிறது. ஏற்கனவே பிரி-எக்லம்சியா வந்தவர்கள், நீரிழிவு, சிறுநீரக நோய், லூபஸ் (தன்னுடலையே தாக்கும் ஒரு நோய்), பழைய பிரஷர் உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள் ஆகியோருக்கு வைத்தியர்கள் நாளுக்கு 75 முதல் 150 மில்லிகிராம் வரை அஸ்பிரின் கொடுப்பதுண்டு. அதை 12 ஆம் வாரத்துக்குப் பிறகு, 16 ஆம் வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் நல்ல பலன். ஏழாம் மாதத்தில் முதல்முறை கிளினிக் போகிறவருக்கு இந்த வாய்ப்பே இல்லை. இலங்கையில் 8 வாரத்துக்குள் பெயர் பதியச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குடும்ப நல உத்தியோகத்தர், மலையில் நாம் மிட்வைஃப் என்றே கூப்பிடுபவர், லயத்துக்கு வரும்போதே மாதம் தவறியதைச் சொல்லிவிடுவது நல்லது. “மூணு மாசம் தாண்டட்டும், கண்ணு பட்டுரும்” என்று மறைப்பதால் போகும் வாரங்கள் திரும்ப வருவதில்லை. அஸ்பிரினை யாரும் தாமாக வாங்கிப் போடக் கூடாது, அது வைத்தியரின் முடிவு.

விடாத தலையிடி, கண் மங்குதல் அல்லது மின்னுதல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலப்பக்க வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல்: இதில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. கால் வீக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் சாதாரணம்தான். ஆனால் மலையேறிக் கொழுந்து பறித்ததால் வந்த அலுப்பு என்று தலையிடியையும் சேர்த்துத் தள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பிரஷர் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இங்கே இன்னொன்று. உயரமான இடத்தில் வாழ்வதால் பிள்ளைகள் சிறுத்துப் பிறக்கின்றன என்ற பேச்சு சில வேளை எழும். மிக உயர்ந்த இடங்களில் அது மெய்தான், ஆனால் அதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் 2,500 மீற்றருக்கு மேலே, அந்தீஸ் மலை போன்ற இடங்களில் நடந்தவை. நுவரெலியா நகரமே ஏறத்தாழ 1,870 மீற்றர்தான், ஹட்டனும் பண்டாரவளையும் அதைவிடத் தாழ்வு. தோட்டப்புறத்தில் எடை குறைந்த பிள்ளைகள் நாட்டின் சராசரியைவிடக் கூடுதலாகப் பிறப்பதற்கு மலையைக் குற்றஞ்சாட்டுவதைவிட, தாயின் இரத்தச்சோகையையும் சாப்பாட்டையும் முதலில் பார்க்க வேண்டும். இரும்புச் சத்து இல்லாமல் வெண்குருதிக் கலங்களும் சரியாகப் பெருகா. இரும்பு மாத்திரையைச் சாயத்தண்ணியோடு விழுங்கினால் பாதி வீண்: தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துவிடும். முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். கல்சியம் மாத்திரையையும் அதே நேரத்தில் போடாமல் வேறு வேளைக்கு மாற்றுங்கள். முதல் மூன்று மாதம் கழிந்தபின் கிளினிக்கில் தரும் பூச்சி மருந்தைத் தவிர்க்க வேண்டாம். கொக்கிப்புழு குடிக்கும் இரத்தத்துக்கு எந்த மாத்திரையும் ஈடுகொடுக்காது.

பொறுத்துக்கொள்ளச் சொல்லும் கலங்கள்

கருப்பை உட்படையில் ரி கலங்களும் உண்டு. எண்ணிக்கை குறைவு, பொறுப்பு பெரிது. இவற்றில் ஒழுங்காக்கும் ரி கலங்கள் என்றொரு பிரிவு மற்ற கலங்களின் தாக்குதலை அடக்கி வைக்கும். இவற்றை 1995 இல் இனங்கண்டவர் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி. இந்தத் துறைக்காக அவரும் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் 2025 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்கள். எலிகளில் இந்தக் கலங்களை அகற்றினால், வேறு இனத் தகப்பனுக்கு உருவான குட்டிகள் கருப்பையிலேயே அழிந்துவிடும். அதே இனத் தகப்பனின் குட்டிகள் தப்பிக்கும். தகப்பன் வழி வந்த புரதங்களைத் தாய் பொறுத்துக்கொள்வதற்கு இவை வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தப் பொறுமைக்கு நினைவாற்றலும் உண்டு. எலிகளில், முதல் கர்ப்பத்தில் பழகிய ஒழுங்காக்கும் ரி கலங்கள் பிரசவத்துக்குப் பின்னும் தங்கியிருந்து, அடுத்த கர்ப்பத்தில் வேகமாகப் பெருகுகின்றன. மனிதரில் பிரி-எக்லம்சியா முதற்பிள்ளைக்கே அதிகம் வருவதற்கும், முட்டைத் தானம் பெற்ற கர்ப்பங்களில் ஆபத்து கூடுவதற்கும் இது பொருந்தி வருகிறது. தானமாகப் பெற்ற முட்டை என்றால் பிள்ளை தாய்க்குப் பாதியல்ல, முழுவதுமே அந்நியம்.

மீதிக் கலங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பெருவிழுங்கிகள் உட்படை வெண்குருதிக் கலங்களில் ஐந்தில் ஒரு பங்கு. இறந்த கலங்களை அழற்சி கிளம்பாமல் விழுங்கிச் சுத்தம் செய்யும். அந்நியப் பொருளைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டுவது கிளைவடிவக் கலங்களின் வேலை. எலிக் கருப்பையின் உட்படையில் அவை அகப்பட்டுக்கொண்டு வெளியேற முடியாமல் கிடக்கின்றன. ஆகவே பிள்ளையைப் பற்றிய முறைப்பாடு கணுக்களுக்குப் போய்ச் சேருவதே குறைவு.

தாய் கொடுத்தனுப்பும் பிறபொருளெதிரிகள்

வெண்குருதிக் கலங்களில் பி கலங்கள் என்றொரு வகை உண்டு. அவை செய்யும் பிறபொருளெதிரிகளில் (அந்நியப் பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களில்) ஐ.ஜி.ஜி. வகை மட்டுமே நச்சுக்கொடியைத் தாண்டும். தற்செயலாகக் கசிவதில்லை, நச்சுக்கொடியில் உள்ள ஓர் ஏற்பி அவற்றைப் பிடித்து மறுபக்கம் இறக்குகிறது. ஏறத்தாழ 13 ஆம் வாரத்தில் தொடங்கும். 17 முதல் 22 வாரத்தில் பிள்ளையிடம் தாயின் அளவில் 5 முதல் 10 சதவீதம்தான் இருக்கும். 28 முதல் 32 வாரத்தில் பாதியாகும். நிறைமாதத்தில் தாயின் அளவையே தாண்டிவிடும். எட்டு மாதத்துக்கு முன்னரே பிறந்த பிள்ளைக்குத் தொற்று ஏன் எளிதில் வருகிறது என்பதற்கு இந்த எண்களே விடை.

கர்ப்பிணிக்கு ஏற்பூசி (ரெற்றனஸ் தடுப்பூசி) போடுவது இந்தப் பாதையை நம்பித்தான். தாய்க்கு வந்த காயத்துக்காக மட்டும் போடுவதில்லை, தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கு ஏற்புவலி வராமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான். முதல் கர்ப்பத்தில் 12 வாரத்துக்குப் பிறகு ஓர் ஊசியும், 6 முதல் 8 வாரம் கழித்து இன்னொன்றும் போடப்படும். தாயின் உடல் பிறபொருளெதிரியைச் செய்து, அது பிள்ளைக்குக் கடந்து போக நாள் வேண்டும். பிரசவத்துக்கு முந்திய வாரம் போட்டால் பிள்ளைக்குப் பெரிதாக எட்டாது.

தாய் தந்த ஐ.ஜி.ஜி. ஏறத்தாழ மூன்று வாரத்துக்கொரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ஆறு மாதமளவில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். சின்னமுத்து, ருபெல்லா தடுப்பூசியை இலங்கையில் ஒன்பதாம் மாதத்தில் போடுவது இதனால்தான்: முந்திப் போட்டால், மிச்சமிருக்கும் தாயின் பிறபொருளெதிரி தடுப்பூசியில் உள்ள உயிருள்ள வைரசை அழித்து, ஊசியை வீணாக்கிவிடும். அதே தடுப்பூசியைக் கர்ப்பிணிக்குப் போடுவதில்லை. திருமணத்துக்கு முன்னரே போட்டிருக்க வேண்டும். போட்டபின் ஒரு மாதமாவது கரு தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதே பாதை தீங்கும் செய்யும். றீசஸ் நெகற்றிவ் குருதியுள்ள தாய் பொசிற்றிவ் பிள்ளையைச் சுமந்தால், பிரசவ நேரத்தில் பிள்ளையின் குருதி சிறிது தாயிடம் கலக்கும். தாயின் பி கலங்கள் அதை அந்நியமாகக் குறித்துக்கொள்ளும். முதற்பிள்ளை பிறந்துவிட்டதால் பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பொசிற்றிவ் பிள்ளை வரும்போது, நினைவுக் கலங்கள் ஐ.ஜி.ஜி. பிறபொருளெதிரியை ஏராளமாகச் செய்யும். அது கடந்துபோய்ப் பிள்ளையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். இரத்தச்சோகை, கடும் மஞ்சள், வயிற்றிலேயே இறப்பு வரை போகலாம். 1968 முதல் பயன்பாட்டில் உள்ள அன்ரி-டி ஊசி இதைத் தடுக்கிறது. தாயிடம் கலந்த பிள்ளையின் கலங்களை, தாயின் பி கலங்கள் குறித்துக்கொள்வதற்கு முன்பே துடைத்து அகற்றிவிடும். பிரசவமாகி 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். கருச்சிதைவு, கர்ப்பத்தில் இரத்தப்போக்கு, வயிற்றில் அடிபடுதல் ஆகியவற்றுக்குப் பின்னும் தேவைப்படலாம். ஈரமான மலைச்சரிவில் சறுக்கி வயிறு அடிபட விழுந்த நெகற்றிவ் தாய், இரத்தம் படவில்லை என்றாலும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் குருதி வகையைச் சொல்ல வேண்டும். கர்ப்பிணி அட்டையில் குருதி வகை எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். முன்பே பிறபொருளெதிரி உருவாகிவிட்டவருக்கு இந்த ஊசியால் பயனில்லை.

தொற்று வரும்போது

எதிர்ப்புச் சக்தி குறைகிறதா என்ற கேள்விக்கு இப்போது நேராக விடை சொல்லலாம்: எந்தக் கிருமி என்பதைப் பொறுத்தது. கலங்களுக்குள் ஒளிந்து வாழும் லிஸ்டீரியா பக்டீரியாவை அழிக்க வேண்டிய ரி கலத் தாக்குதல் கர்ப்பத்தில் சற்று அடங்கியிருப்பதால், அது கர்ப்பிணிகளை அதிகம் பிடிக்கும். காய்ச்சாத பாலைத் தவிர்க்கச் சொல்வதன் காரணம் அதுவே. இன்புளுவன்சாவில் கதை மாறுகிறது. கர்ப்பிணியின் என்.கே. கலங்களும் ரி கலங்களும் அந்த வைரசுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொதித்தெழுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பெருத்த வயிறு மேலே தள்ளி ஒடுங்கிய நுரையீரலில் அந்த அழற்சியும் சேர்ந்தால் மூச்சுத் திணறும். 2009 இன் எச்1என்1 தொற்றில் கர்ப்பிணிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டது இதனோடு பொருந்துகிறது. குளிரில் நின்றால் மட்டும் சளிக்காய்ச்சல் வராது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இருமுபவரோடு படுத்தால் வரும்.

மலையகத்தில் தனியாகச் சொல்ல வேண்டியது மஞ்சள்காமாலை தரும் ஹெபடைட்டிஸ் ஈ. தென்னாசியாவில் உள்ள வகை கடைசி மூன்று மாதத்தில் பிடித்தால், ஐந்தில் ஒரு தாய்க்கு மேல் உயிர் போகக்கூடும். இது மலங்கலந்த தண்ணீரால் பரவும். ஊற்றுத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் அதற்கு மேலே லயமோ கழிப்பறையோ இருந்தால் நம்பக் கூடாது. குமிழிவிடக் கொதித்த தண்ணீர்தான் குடிக்கத் தகும்.

சிறுநீர்த் தொற்றையும் இலேசாக எடுக்க வேண்டாம். பிரசவ வலி தொடங்குவது பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் காரணம் விளங்கும். நடுமாதங்களில் அடங்கியிருக்கும் தாயின் வெண்குருதிக் கலங்கள், நிறைமாதத்தில் மறுபடி விழித்துக் கருப்பை வாய்க்குள் நுழைகின்றன. நியூட்ரோபில்கள் என்ற வெண்குருதிக் கலங்களும் பெருவிழுங்கிகளும் அங்குள்ள நாரைக் கரைக்கும் நொதியங்களை விடுகின்றன. கருப்பை வாய் இளகுகிறது. அழற்சிப் பொருட்களும், புரோஸ்தகிளாண்டின் என்ற ஓமோன் போன்ற பொருளும் தசையைச் சுருங்கவைக்கின்றன. ஆக, இயல்பான பிரசவமே ஓர் அழற்சி. தொற்று வந்தால் அதே தொடர் 30 ஆம் வாரத்திலேயே கிளம்பிக் குறைமாதப் பிரசவம் ஆகலாம். மலையில் கழிப்பறை இல்லை என்று காலை ஏழு மணி முதல் பின்னேரம் வரை சிறுநீரை அடக்குவதும், அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலிருப்பதும் தொற்றுக்கு வழிவிடும். எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தால் சிறுநீர்ச் சோதனை உடனே தேவை. அறிகுறியே இல்லாமலும் கிருமி இருக்கலாம், ஆகவே கிளினிக்கில் சிறுநீர் கேட்டால் மறுக்காதீர்கள்.

இரத்த ரிப்போர்ட்டும் செலவு வைக்கும் சோதனைகளும்

கர்ப்பத்தில் வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கை இயல்பாகவே கூடும். கன மில்லிமீற்றருக்கு 11,000 என்பது வழக்கமான மேலெல்லை. கர்ப்பிணிக்கு 15,000, 16,000 கூட நோயில்லாமலே வரும். பிரசவ வலியின்போது 25,000 ஐத் தாண்டுவதும் உண்டு. பெரும்பங்கு நியூட்ரோபில்களே. அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தச் சோதனையின் அளவும் கூடும். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்து மருந்துக்கடைக்கு ஓடி அன்ரிபயோடிக் வாங்க வேண்டாம். காய்ச்சலும் வேறு அறிகுறிகளும் சேர்ந்திருக்கின்றனவா என்று வைத்தியர் பார்க்கட்டும்.

பிள்ளை திரும்பத் திரும்பக் கலைந்துபோன குடும்பங்களுக்கு, குருதியில் என்.கே. கலங்களை எண்ணும் சோதனையையும் அதைத் தொடரும் ஊசிகளையும் விற்பவர்கள் இருக்கிறார்கள். குருதியில் ஓடும் என்.கே. கலங்களை எண்ணினால் கருப்பையில் உள்ளவற்றின் நிலை தெரியாது, இரண்டும் வேறு என்று மேலே பார்த்தோம். கணவனின் வெண்குருதிக் கலங்களை எடுத்து மனைவிக்கு ஊசியாகப் போடும் முறையும் ஒரு காலத்தில் பரவியிருந்தது. 1999 இல் வெளியான கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வில் அது பலன் தரவில்லை, கலைதல் கூடியது. ஆரம்ப மாதங்களில் கலைந்துபோவதில் ஏறத்தாழ பாதிக்கு மேல் கருவின் நிறமூர்த்தக் கோளாறால் நடப்பது. அதை எந்த நிர்ப்பீடன மருந்தும் திருத்தாது. அந்தப் பணத்தைச் செலவிடுவதற்கு முன் கேட்க வேண்டிய சோதனை, குருதியை எளிதில் உறையவைக்கும் அன்ரிபொஸ்போலிப்பிட் பிறபொருளெதிரிக்கானது. அது இருந்தால் அஸ்பிரினும், குருதி உறைவதைத் தடுக்கும் ஹெபரினும் சேர்ந்த சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

பிரசவத்துக்குப் பின்

நச்சுக்கொடி விழுந்ததும் ஓமோன்கள் சரியும், அடக்கி வைக்கப்பட்ட தாக்குதல் கலங்கள் சில மாதத்தில் பழைய நிலைக்கு வரும். மூட்டுவாத நோய் கர்ப்பத்தில் பலருக்குத் தணிவதை அமெரிக்க வைத்தியர் பிலிப் ஹென்ச் 1938 இல் எழுதினார். பிரசவத்துக்குப் பின் அது திரும்பக் கிளம்புவதும் வழக்கம். கொழுந்து பறிக்கும் விரல்களில் காலையில் விறைப்பும் வீக்கமும் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைப் பிரசவக் குளிர் என்று பத்தியம் பார்த்துக் கழிக்காமல் காட்டிவிட வேண்டும். தைரொயிட் அழற்சியும் இக்காலத்தில் தலைகாட்டும்.

சீம்பாலில் ஐ.ஜி.ஏ. பிறபொருளெதிரியும், உயிருள்ள தாயின் வெண்குருதிக் கலங்களும் நிறைய இருக்கின்றன. இந்த ஐ.ஜி.ஏ. நச்சுக்கொடி வழியே போகாதது, பிள்ளையின் குடலில் படலமாகப் படிந்து கிருமியை ஒட்டவிடாது. மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கிறதென்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சீனித்தண்ணி வைப்பது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும்.

பிள்ளையின் கலங்களும் தாயிடம் தங்கிவிடுகின்றன. டயானா பியாங்கியின் குழுவினர் 1996 இல், ஆண்பிள்ளை பெற்ற ஒரு தாயின் குருதியில் 27 ஆண்டு கழிந்தும் அந்தப் பிள்ளையின் கலங்களைக் கண்டார்கள். அவை காயங்களை ஆற்றுகின்றனவா, பிற்காலத்தில் தன்னுடலைத் தாக்கும் நோய்களுக்குக் காரணமாகின்றனவா என்ற விவாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.